லைஃப்டைம் லைசன்ஸ்னு காசு வாங்கிட்டு 60 நாள் ட்ரையல் போட்டுட்டுப் போயிட்டாங்க, சர்வர் வெச்சிருக்கவங்க இன்னிக்கே செக் பண்ணுங்க

நேத்து பக்கத்து வீதி டையிங் யூனிட்ல வேலை பாக்கற ஃப்ரெண்டு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிருந்தான். ஈஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வர்ல பல கம்ப்யூட்டரை ஓட வைக்கற விஎம்வேர் சாஃப்ட்வேர்) உள்ள போனதும் மேல மஞ்சப் பட்டை, எவாலுவேஷன் மோட்ல, அதாவது ட்ரையல்ல ஓடுது, இன்னும் 19 நாள்ல முடியும்னு. யார் போட்டுக் குடுத்தாங்கன்னு கேட்டா, எங்களை ஏமாத்தின அதே வெண்டர். எங்களுக்கு நடந்தப்பவே வெளிய சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு, அதனால முழுசா எழுதறேன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில ஐடி பாக்கறேன், இருக்கறது நான் ஒருத்தன்தான். 2024 மார்ச்ல பழைய மூணு மெஷினை எடுத்துட்டு ஒரே சர்வர்ல மூணு விஎம்மா (சர்வருக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடறது) போட்டுக்கலாம்னு முடிவு பண்ணோம். டேலிக்கு ஒண்ணு, கம்பெனி வேலையெல்லாம் பதியற ஈஆர்பி சாஃப்ட்வேருக்கு ஒண்ணு, பேட்டர்னு பேக்கிங் லிஸ்ட்டெல்லாம் வைக்கற ஃபைல் சர்வர் ஒண்ணு. வந்த வெண்டர் நல்லா பேசினாரு, "விஎம்வேர் லைஃப்டைம் லைசன்ஸ் சார், ஒரு தடவ கட்டினா போதும், வருஷா வருஷம் ரெனியூவல் கிடையாது"ன்னு சொல்லி அதுக்கு மட்டும் 1,40,000 ரூபா வாங்கினாரு.

எனக்கு அப்ப தெரியாதது என்னன்னா, 2023 நவம்பர்ல பிராட்காம்ங்கற கம்பெனி விஎம்வேரை வாங்கினாங்க, அடுத்த மாசமே லைஃப்டைம் லைசன்ஸ் விக்கறதை நிறுத்திட்டாங்க. அதுக்கப்பறம் சப்ஸ்கிரிப்ஷன் மட்டும்தான், அதுவும் கோர் (சிபியுக்குள்ள இருக்கற ப்ராசசிங் யூனிட்) கணக்கு, உங்க சிபியுல 8 கோர் இருந்தாலும் 16 கோருக்குக் காசு கட்டணும். சும்மா குடுத்துட்டு இருந்த ஃப்ரீ வெர்ஷனையும் 2024 பிப்ரவரில நிறுத்திட்டாங்க. அப்ப மார்ச்ல இவரு எங்களுக்கு வித்தது என்ன? ஒண்ணுமே இல்ல. லைசன்ஸ் கீ எதுவும் போடாம இன்ஸ்டால் பண்ணி 60 நாள் எவாலுவேஷன்ல ஓட விட்டுட்டுப் போயிட்டாரு. அந்த மஞ்சப் பட்டையை நான் பாத்தேங்க, கேக்கவும் செஞ்சேன். "ஆக்டிவேஷன் ஆக டைம் எடுக்கும் சார், அது அப்படித்தான் காட்டும்"னாரு. நம்பிட்டேன்.

இதுல மோசமான விஷயம், 60 நாள் முடிஞ்சா எதுவும் நிக்காது. ஓடிட்டு இருக்கற விஎம் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், ஒரு தடவ ஆஃப் ஆனா மட்டும் திரும்ப ஆன் ஆகாது. அதனால 61ஆவது நாள் யாருக்கும் ஒண்ணும் தெரியல, அதுக்குள்ள முழுப் பணமும் அவர் கைக்குப் போயிடுச்சு.

ஜூன்ல ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் எடுக்கறதுக்குள்ள யுபிஎஸ் பேட்டரியும் படுத்துடுச்சு, சர்வர் ஆஃப். கரண்ட் வந்ததும் சர்வர் எந்திரிச்சுது, பவர் ஆன் குடுத்தா மூணு விஎம்மும் லைசன்ஸ் முடிஞ்சுதுன்னு எர்ரர். அன்னிக்கு நைட்டு தூத்துக்குடிக்கு கன்டெய்னர் போகணும், பேக்கிங் செக்ஷன் அக்கா கார்ட்டன் நம்பரெல்லாம் அட்டையில பேனாவுல எழுதி எடுத்துட்டு வந்து என் டேபிள் பக்கத்துல நின்னுட்டு, "தம்பி, லிஸ்ட்டு எப்ப வரும்"னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கேக்கறாங்க. வெண்டருக்குப் போன் போட்டா, "பாலிசி மாறிடுச்சு சார், மூணு வருஷ சப்ஸ்கிரிப்ஷன் கட்டினா இன்னிக்கே கீ தர்றேன்"ங்கறாரு. பாலிசி மாறினது அவர் எங்ககிட்ட விக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி!

சரி, பேக்கப்பாச்சும் குடுங்கன்னு கேட்டேன், ஏன்னா வாரா வாரம் ரிமோட்ல வந்து பேக்கப் எடுக்கறோம்னு ஏஎம்சில (வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்) தனியா காசு. அவங்க எடுத்தது பூரா ஸ்னாப்ஷாட். ஒவ்வொரு விஎம்லயும் எட்டு. ஸ்னாப்ஷாட் பேக்கப் கிடையாதுங்க. அது எடுத்த நிமிஷத்துல இருந்து மெயின் டிஸ்க் ஃபைலை அப்படியே விட்டுட்டு புதுசா எழுதறது எல்லாம் வேற ஒரு ஃபைலுக்குப் போகும், ரெண்டும் இருக்கறது அதே ஹார்ட் டிஸ்க்ல, டிஸ்க் போனா ரெண்டுமே போச்சு. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு விஎம்வேரே சொல்லுது, எங்களுது ரெண்டு மாசமா வளந்து டேட்டாஸ்டோர்ல (விஎம் ஃபைலெல்லாம் இருக்கற இடம்) மிச்சம் இருந்தது 40 ஜிபி. அது ஃபுல் ஆயிருந்தா லைசன்ஸ் பிரச்சனைக்கு முன்னாடியே நின்னுருக்கும்.

அன்னிக்கு என்னைக் காப்பாத்தினது ஈஎஸ்எக்ஸ்ஐ இன்ஸ்டாலர்ல டேட்டாஸ்டோரை அழிக்காம வெச்சுக்கற ஆப்ஷன். திரும்ப இன்ஸ்டால் பண்ணி விஎம்மை ரெஜிஸ்டர் பண்ணினா மறுபடி 60 நாள் கிடைக்கும், தப்பிக்கறதுக்கு மட்டும்தான் அது. நைட்டு ஒன்பதரைக்கு லிஸ்ட்டு ப்ரிண்ட் ஆச்சு. அப்பறம் ஸ்னாப்ஷாட்டெல்லாம் டெலீட் குடுத்தேன், ஈஆர்பி விஎம்மோட டெலீட் மட்டும் விடியக்காலம் நாலு மணி வரைக்கும் ஓடுச்சு, அந்தப் பர்சன்ட்டேஜைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அடுத்த மாசம் இன்னொரு பழைய சர்வர்ல ப்ராக்ஸ்மாக்ஸ்னு இதே வேலை பாக்கற வேற சாஃப்ட்வேர் போட்டு மூணு விஎம்மையும் மாத்திட்டோம், ஈஎஸ்எக்ஸ்ஐல இருந்து நேரா இழுத்துக்கற வசதி அதுலயே இருக்கு. விண்டோஸ் விஎம்மை இழுத்ததும் டிஸ்க் டைப்பை உடனே விர்ட்ஐஓன்னு மாத்தினா ப்ளூ ஸ்க்ரீன் வரும், முதல்ல சாட்டாங்கற டைப்ல பூட் பண்ணி விர்ட்ஐஓ டிரைவர் போட்டுட்டு மாத்துங்க.

பணம் வரல. வக்கீல் பில்லைப் பாத்துட்டு, கம்பெனி வியாபாரத்துக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட் ஏத்துக்காதுன்னுட்டாரு. பில்லுல இருந்தது "சர்வர் சாஃப்ட்வேர் அண்ட் இன்ஸ்டலேஷன், 1 நம்பர்", அவ்வளவுதான். விஎம்வேர்ங்கற பேரு இல்ல, எத்தனை கோர்னு இல்ல, கீ இல்ல. நோட்டீஸ் அனுப்பிருக்கோம், பதில் இல்ல. நீங்க வாங்கறதா இருந்தா எடிஷன், கோர் எண்ணிக்கை, எந்தத் தேதி வரைக்கும்னு மூணும் பில்லுல இருக்கணும், பிராட்காம் போர்ட்டல்ல உங்க கம்பெனி பேர்ல லைசன்ஸ் தெரியணும், அதைப் பாத்துட்டு மிச்சப் பணம் குடுங்க. 2025 ஏப்ரல்ல ஃப்ரீ வெர்ஷன் திரும்ப வந்துடுச்சு, அதைப் போட்டுட்டு லைசன்ஸ்னு காசு கேக்கறவங்களும் வருவாங்க, அதோட பேக்கப் சாஃப்ட்வேர் வேலை செய்யாது.

இப்ப போய் ஈஎஸ்எக்ஸ்ஐல மேனேஜ், அதுக்குள்ள லைசன்சிங் திறந்து பாருங்க. எவாலுவேஷன்னு இருந்து நாள் மிச்சம் இருந்தா, நைட்டுல ஒவ்வொரு விஎம்மா ஆஃப் பண்ணி எக்ஸ்போர்ட் (முழு விஎம்மோட காப்பி) எடுத்து வெளி டிஸ்க்ல போடுங்க. நாள் முடிஞ்சும் ஓடிட்டு இருந்தா எக்காரணம் கொண்டும் ஆஃப் பண்ணாதீங்க, யார் சொன்னாலும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. விண்டோஸ் உள்ள இருந்தே வேற டிஸ்க்குக்கு பேக்கப் எடுங்க, டேட்டாபேஸைத் தனியா எடுங்க, அதை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி திறக்குதான்னு பாத்துட்டு அப்பறம் சர்வர்ல கை வைங்க. அதுவரைக்கும் யுபிஎஸ் பேட்டரி தாங்குமான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.