நற்பணி ஏடும் சனிக்கிழமைப் பணியும்: ஒரு பள்ளித் திட்டம் பற்றிய மதிப்புரை

செட்டிநாட்டுப் பகுதியில் பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காடு, பேருந்து வசதி, கட்டணம் ஆகியவற்றோடு முடிந்துவிடும். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையிலுள்ள ஒரு தனியார் பள்ளி, மாணவரிடையே பரிவையும் ஊர்ப் பொறுப்பையும் வளர்ப்பதற்கென்று ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரு திட்டத்தை நடத்தி, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறது. என் மகள் அங்கே ஏழாம் வகுப்பிலும், அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். திட்டத்தில் மூன்று பகுதிகள் உள்ளன: மாணவர் தாம் செய்த நற்செயல்களைக் குறித்து வைக்கும் ஏடு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் நடக்கும் ஊர்ப்பணி, பள்ளிக்குள் இருக்கும் நேர்மை அங்காடி. ஏட்டை நம்பிச் சேர்க்க வேண்டாம், சனிக்கிழமையை நம்பிச் சேர்க்கலாம் என்பதே என் முடிவு.

ஏடு பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. கெட்டி அட்டை, நல்ல தாள், பின்னட்டையில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. முகப்பில் வள்ளல் அழகப்பரின் படம் உள்ளது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதும், 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டியதும் முதற்பக்கத்தில் சுருக்கமாக இடம்பெற்றுள்ளன. இந்த மண்ணில் வளரும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்திதான். ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, கொடுப்பது என்பது நிறைய வைத்திருப்பவர் செய்யும் காரியம் என்ற எண்ணத்தோடு பக்கத்தைத் திருப்பிவிடக்கூடும். அன்றாடம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த வீடுகளைப் பற்றியும், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன காலத்தில், வணிகத்திலிருந்து மகமை என்னும் அறப்பங்கை ஒதுக்கிப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்த வழக்கத்தைப் பற்றியும் அங்கே நான்கு வரிகள் சேர்த்திருந்தால், படிக்கும் பிள்ளைக்குத் தன் அளவில் செய்யத்தக்கது ஒன்று கண்ணில் பட்டிருக்கும்.

உள்ளே ஒவ்வொரு பக்கமும் தேதி, செய்த செயல், யாருக்குச் செய்தது, பயன்பெற்றவர் கையொப்பம், நட்சத்திரம் என்று ஐந்து கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வகுப்பாசிரியர் வாரம் ஒரு முறை பார்த்து நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறார். மாத இறுதியில் அதிக நட்சத்திரம் பெற்றவருக்கு இறைவணக்கக் கூட்டத்தில் சான்றிதழ் உண்டு. கோளாறு கடைசி இரண்டு கட்டங்களில்தான் இருக்கிறது. பேருந்தில் எழுந்து நின்று வயதான ஓர் அம்மாளுக்கு இடம் கொடுத்த ஒரு சிறுவன், அவர் உட்கார்ந்த கையோடு பையிலிருந்து ஏட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டியதை நானே பார்த்தேன். அவருக்குக் கையெழுத்துப் போட வரவில்லை. அவர் தடுமாற, சுற்றி இருந்தவர்கள் சிரிக்க, இடம் கிடைத்த நிம்மதி போய் அவருக்குக் கூச்சமே மிஞ்சியது. வீட்டிலும் இதே நிலைதான். 'அப்பத்தாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்' என்ற வரி என் மகளின் ஏட்டில் வாரந்தோறும் மீண்டும் மீண்டும் வருகிறது. கேட்காமலே செய்துவந்த காரியத்துக்கு இப்போது கையொப்பம் கேட்கிறாள் என்று அவள் அப்பத்தாவுக்கே வருத்தம்.

இது என் ஒருத்தியின் எரிச்சல் மட்டும் அன்று. பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ ஆகிய உளவியலாளர்கள் இருபது மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவும் பெறாத குழந்தைகளைக் காட்டிலும் குறைவாகவே உதவினார்கள். அதற்காக எழுதி வைப்பதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. கனடாவின் வான்கூவர் நகரப் பள்ளிகளில் ஒன்பது முதல் பதினொரு வயது வரையிலான மாணவரிடம் நடத்தி 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நான்கு வாரங்களுக்கு வாரம் மூன்று நற்செயல்கள் செய்யச் சொல்லப்பட்ட பிள்ளைகளைச் சக மாணவர் விரும்பிச் சேர்த்துக்கொள்வது கூடியிருந்தது. போட்டியை எடுத்துவிட்டு, செய்ததையும் அப்போது மனத்தில் பட்டதையும் மட்டும் எழுதச் சொன்னால் இந்த ஏடு பயன்படும். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊரில் கணக்கின் மேல் ஆசை இருப்பது இயல்புதான். ஆனால் நற்செயலுக்கு வரவு வைக்கத் தேவையில்லை.

சனிக்கிழமைப் பணி முற்றிலும் வேறு தரத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு ஊரின் குடிநீர்க் குளமான ஊருணியும், ஒன்பதாம் வகுப்புக்குத் தனித்து வாழும் முதியோர் வீடுகளும் ஒதுக்கப்பட்டன. ஆறு ஓடாத வறண்ட நிலத்தில் மழைநீரைத் தேக்கிக் குடித்துப் பிழைத்த ஊர்கள் இவை. ஊருணியில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடாகவே இருந்தது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு பல ஊருணிகள் கேட்பாரற்றுப் போய்விட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது எளிது. பொறுப்பேற்ற ஆசிரியர் முதல் நாளே துடைப்பத்தையும் சாக்கையும் கையில் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊருணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, வரத்துக்கால் வழியே மேட்டுப் பக்கமாகப் பிள்ளைகளை நடத்திச் சென்று, ஆளுக்கொரு படம் வரையச் சொன்னார். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தைத் தாண்டிப் போனபோது, யாரோ கட்டிய சுற்றுச்சுவரின் இடிபாடும் சிமெண்டுச் சாக்குகளும் கால்வாயை அடைத்துக் கிடந்தன. கீழே எத்தனை முறை குப்பை பொறுக்கினாலும், இந்த அடைப்பு இருக்கும்வரை ஊருணிக்குத் தண்ணீர் வராது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் திட்டத்தின் மதிப்பு தெரிந்தது. ஊராட்சிக்கு ஒரு மனு எழுதலாம் என்று முடிவு செய்து, தேதி, இடம், படம் ஆகியவற்றோடு வகுப்பே கூடி எழுதியது. பெரியவர் ஒருவரின் மூலம் அது அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் வைக்கப்பட்டது. பிள்ளைகள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டார்கள். கிராம சபை என்பது பாடநூலில் ஐந்து மதிப்பெண் வினாவாகவே அதுவரை அவர்களுக்கு இருந்தது. அங்கே ஒருவர் எழுந்து அது தன் பட்டா நிலம் என்று வாதிட்டதையும், மற்றொருவர் பழைய வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னதையும், பேச்சு சூடேறித் தணிந்ததையும் பார்த்துவிட்டு வந்த என் மகள், இரவு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இடிபாட்டில் பாதிதான் அகற்றப்பட்டது. மீதி இன்னும் கிடக்கிறது. வகுப்பு இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறது.

பாதுகாப்பிலும் கவனம் இருக்கிறது. பிள்ளைகள் நீருக்குள் இறங்குவதில்லை, கையுறை கட்டாயம், முள் வெட்டும் வேலையை ஊர்க்காரர்களே செய்கிறார்கள். குறை என்று பார்த்தால், தொடக்க நாளில் பள்ளியின் பெயரைப் பெரிதாகப் போட்ட பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பிள்ளைகள் வெயிலில் காய்ந்தார்கள். அன்று எடுத்த படங்கள் அடுத்த வாரமே சேர்க்கை விளம்பரத்தில் வந்தன.

முதியோர் வீடுகளுக்குச் செல்லும் பணியை இந்தப் பகுதிக்கென்றே யோசித்து அமைத்திருக்கிறார்கள். முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடுகளில், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, ஒரே ஒரு ஆச்சி ஓர் அறையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வாழ்வது இங்கே அரிதான காட்சி அன்று. ஒரு வீட்டுக்கு இரண்டு மாணவர். ஆண்டு முழுவதும் அதே வீடு, அதே இருவர். இந்த ஒரு விதிக்காகவே திட்டத்தை வகுத்தவரைப் பாராட்ட வேண்டும். முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் கூட்டமாகப் போய், பாட்டுப் பாடி, பழம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கத்தில், போன பிள்ளைக்கு ஒரு பெரியவரின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை.

அக்காள் மகனுக்கும் அவன் வகுப்புப் பெண் ஒருத்திக்கும் கிடைத்த ஆச்சி, முதல் முறை இவர்களை முகப்புத் திண்ணையைத் தாண்டி உள்ளே விடவில்லை. அதில் தவறும் இல்லை. மூன்றாம் சந்திப்பில்தான் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்து, அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். "ஆச்சி, இதுல ரெண்டு அட்டை தேதி முடிஞ்சு போச்சு ஆச்சி" என்று அவன் சொன்னதும், இத்தனை நாளாக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அவரே சிரித்திருக்கிறார். பிறகு மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்து வைப்பது, மின்கட்டணக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வது, மகனிடம் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுப்பது என்று வேலை வளர்ந்தது. ஒருநாள் அந்தப் பெண்ணிடம், "சும்மா என்னையே பாத்துக்கிட்டு இருக்கியே ஆத்தா, இந்தா, ஓலையைப் பிடி" என்று பனையோலைக் கூடையான கொட்டான் முடையக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். கொடுப்பவர் இவர், வாங்குபவர் அவர் என்ற பிரிவு அதோடு கலைந்தது. இந்தச் சந்திப்புகளை ஏட்டில் எழுத வேண்டாம் என்று அந்த இருவருமே முடிவு செய்துகொண்டார்கள். நட்சத்திரம் போனால் போகட்டும் என்றான் அக்காள் மகன்.

பெற்றோர் இந்தப் பகுதியில் கேட்டுத் தெளிய வேண்டியவையும் உண்டு. மாணவர் வீட்டுக்குள் இருக்கும் நேரம் முழுவதும் ஆசிரியர் ஒருவர் அதே தெருவில் இருக்கிறார். முதியவரின் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்கள். பணமோ நகையோ வங்கி அட்டையோ தொடர்பான எந்த உதவியும் செய்யக் கூடாது என்பது விதி. ஆனால் கோடை விடுமுறையில் எல்லாம் நின்றுவிடுகிறது. பழகிய பிள்ளைகள் ஏப்ரல் கடைசியோடு வராமல் போவதை அந்த வீடுகள் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதைப் பள்ளி யோசித்ததாகத் தெரியவில்லை.

நேர்மை அங்காடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளில்லாத மேசையில் பென்சில், அழிப்பான், ஏடுகள். விலையைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் இது உண்டு, இங்கும் ஒழுங்காகவே நடக்கிறது. பணம் குறைந்த நாளில் யாரையும் விசாரிக்காமல், குறைந்த தொகையை மட்டும் பலகையில் எழுதி வைக்கும் பழக்கம் நல்லது.

பள்ளிக்கு வெளியே இவ்வளவு செய்யும் திட்டம் பள்ளிக்குள் தளர்ந்துவிடுகிறது. வரத்துக்காலில் நெகிழிப்பை பொறுக்கிய அதே பிள்ளைகள், மதிய உணவுக்குப் பின் சிந்திய சோற்றையும் காகிதத்தையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக, துப்புரவுப் பணியாளர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்ன பிறகு, உண்ட இடத்தை உண்டவரே துடைக்க வேண்டும் என்று வகுப்புகளில் அறிவித்திருக்கிறார்கள். புதிதாக வந்து சேர்ந்து தனியே உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கும், படிப்பில் பின்தங்கிக் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கும் இத்திட்டத்தில் இதுவரை இடமில்லை.

இதையெல்லாம் தனிக் கட்டணம் கொடுத்துத்தான் பெற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்றே சொல்வேன். காந்தி நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24 அன்று தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், 'எனக்காக அல்ல, உனக்காக' என்ற பொருளுடைய முழக்கத்தோடு மேல்நிலைப் பள்ளிகளிலும் நடக்கிறது; ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அடிப்படை. இளம் செஞ்சிலுவைச் சங்கமும் சாரணர் இயக்கமும் நடுநிலை வகுப்புகளிலேயே உண்டு. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஊக்கமுள்ள ஓர் ஆசிரியர் இவற்றை ஏற்று நடத்தினால், இந்தத் தனியார் பள்ளி தருவதற்குக் குறையாமல் கிடைக்கும். ஒரே வீடு, ஒரே இருவர் என்ற ஏற்பாட்டை மட்டும் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்தப் பள்ளிகளும் அதை எடுத்துக்கொள்ளலாம், செலவு ஒன்றும் ஆகாது.

சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: கட்டணத்தில் ஏடு, கையுறை, தொப்பி, போக்குவரத்து ஆகியவை அடங்கும், சிற்றுண்டி அடங்காது. சனிக்கிழமைப் பணி பிற்பகல் வரை நீள்வதால், பாட்டு வகுப்போ கராத்தேயோ வைத்திருப்பவர்கள் முன்பே பேசிக்கொள்வது நல்லது. ஏட்டைக் கட்டாயம் என்று சொன்னாலும், எழுதாத பிள்ளையை யாரும் கடிந்துகொள்வதில்லை. விண்ணப்பத்தின் சம்மதப் பகுதியில் பணிக்கும் புகைப்பட விளம்பரத்துக்கும் சேர்த்து ஒரே கையொப்பம் கேட்கிறார்கள். புகைப்பட வரியை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் அலுவலகத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்.