41 கசெற் கொடுத்தேன், 39 திரும்பி வந்தது

வீட்டு அலுமாரியில் பழைய கசெற்றுகளை வைத்துக்கொண்டு, "ஒருக்கா இதையெல்லாம் டிஜிட்டல் ஆக்க வேணும்" என்று நாளைக் கடத்திக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடைக்கு மட்டும் போகாமல் விடுவீர்கள். நடந்த விதம் தெரிந்தால் எந்தக் கடைக்குப் போனாலும் உதவும்.

கசெற்றுகள் அப்பாவுடையவை. கொஞ்சம் இலங்கை வானொலியில் பாட்டுப் போகும்போது ரேப்பை வைத்துப் பிடித்தவை. கொஞ்சம் டவுனில் றெக்கோடிங் பாரில் அடித்தவை. கோடு போட்ட கடதாசியில் பாட்டுகளை எழுதி, வெறும் கசெற்றோடு கொடுத்துவிட்டு, ஒரு கிழமை கழித்துப் போய் வாங்க வேண்டும். மிச்சம் கோயில் திருவிழாக்களில் அப்பாவே பிடித்தது, அளவெட்டி என்.கே.பத்மநாதனின் நாதஸ்வரம் மட்டும் மூன்று கசெற். 1990இல் சண்டையால் கரண்ட் போன பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இந்தக் கசெற்றுகளைத்தான் கேட்டோம். சுற்றுவது என் வேலை. கை சளைத்தால் பாடகரும் சளைப்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது, அம்மா உறுதியையும் நகையையும் எடுக்க, அப்பா ஒரு மாப் பையில் கசெற்றுகளை அள்ளி சைக்கிள் கரியரில் கட்டினார். சாவகச்சேரி வரைக்கும் அம்மா அதற்காகப் பேசிக்கொண்டே வந்தா. அப்படி மிஞ்சியதுதான் 41.

இத்தனை நாளும் அதை ஏன் தொடாமல் விட்டேன் என்றால், பாட்டுத்தான் போனில் இருக்கிறதே என்ற எண்ணம். மாதச் சந்தா கட்டி ஒரு ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, ஏறக்குறைய இருநூறு பாட்டை அதில் தேடிச் சேர்த்திருந்தேன். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலம், பிறகு பதின்மூன்று என்று கரண்ட் வெட்டியபோது, போன் கோபுரங்களின் பற்றரி இறங்கி சிக்னலும் போகும். பரவாயில்லை, தரவிறக்கி வைத்திருக்கிறேனே என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கட்டணம் போகவில்லை. சந்தா நின்றது. தரவிறக்கிய இருநூறும் பூட்டுப்பட்டன. போனுக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன, ஆனால் திறப்பு அவர்களிடம். அதன் பிறகுதான் எனக்கு அந்தச் சங்கதி விளங்கியது. தரவிறக்கம் என்று சொல்வது கோப்பைக் கையில் தருவதில்லை. அந்தச் செயலிக்குள் மட்டும் திறக்கும் மாதிரி மறைகுறியாக்கி வைப்பதுதான்.

சந்தாவைத் திரும்பக் கட்டியபோது பட்டியலில் சில பாட்டுகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம் முடிந்தால் அப்படித்தான் ஆகுமாம். ஒரு பாட்டு சாம்பலாகவும் இல்லை. பெயர் அதே, படம் அதே, ஆனால் வேறு யாரோ புதுக் கீபோர்ட்டோடு பாடிய பதிப்பு. சந்தாக் கட்டுபவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(சும்மா ஏற்றி வைத்தாலும் இதே கதைதான். மைஸ்பேஸ் என்ற இணையத்தளத்தில் 2003 தொடக்கம் 2015 வரை ஆட்கள் ஏற்றிய பாட்டுகள் சேர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019இல் செய்தி வந்தது. தங்கள் சொந்தப் பாட்டின் ஒரே பிரதியை அங்கே வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.)

சரி, சொந்தமாகவே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன். நான் கணினி ஆள் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் வீடியோவில் சொல்லச் சொல்லச் செய்தேன். ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவுக் கணினி ஒன்று, அதில் நவிட்ரோம் என்ற இலவச மென்பொருள். பாட்டுகளை ஒரு கோப்புறையில் போட்டுவிட்டால், போனில் ஸ்ட்ரீமிங் செயலி மாதிரியே வருகிறது. ஒரேயொரு சிக்கல். எங்கள் 4ஜி ரூட்டருக்கென்று தனி முகவரி கிடையாது, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறார்கள். ஆகவே வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. தூரத்துக் கருவிகளை ஒரே வீட்டு வலையில் இருப்பதுபோல் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்ட பிறகு அக்கா ரொறன்ரோவிலிருந்து எங்கள் வீட்டுச் சேர்வரைக் கேட்கத் தொடங்கினா. இந்தப் பக்கம் எல்லாம் ஒழுங்கு. நான் ஏமாந்தது பாட்டை உள்ளே போடும் இடத்தில்.

கசெற்றுகளை மாற்ற என்னிடம் ரேப் இல்லை. டவுனில் ஒரு கடையில் "பழைய ஓடியோ, வீடியோ கசெற் டிஜிட்டல் ஆக்கித் தரப்படும்" என்று போட்டிருந்தது. உள்ளே ஒரு ரேப் டெக், ஒரு கணினி, மரியாதையான ஒரு பொடியன். ஒரு கசெற்றுக்கு 600 ரூபா. ஒலித் தரம் குறையாத பிளாக் (FLAC) கோப்பாகத் தருகிறோம் என்றார். "அண்ணை, டிஸ்க்கும் எங்களிட்டயே எடுங்கோ, 2 டீபி, 9,500க்குப் போட்டுத் தாறன்." அசல் டிஸ்க்கின் விலையில் பாதிகூட இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். பற்றுச்சீட்டுத் துண்டு கேட்டேன். "எங்க அண்ணை ஓடப் போறம்" என்றார். நானும் சிரித்துக்கொண்டு முழுக் காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் போன் வந்தது, வேலை முடிந்ததாம். சந்தோசத்தில் ஓடிப் போய் எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அது நாலு நாள் பிந்தித்தான் ஓடியது. கசெற் என்பது ஓடி முடிந்தால்தான் பதிவாகும். 90 நிமிடக் கசெற்றுக்கு 90 நிமிடம் வேண்டும். 41 கசெற்றில் பெரும்பாலானவை 90, சில 60. குறைத்துப் பிடித்தாலும் 55 மணித்தியாலம். கடையில் இருந்தது ஒரே ஒரு டெக், திறந்திருப்பது காலை ஒன்பது தொடக்கம் இரவு ஏழு. இரண்டு நாளில் இருபது மணித்தியாலம். இரட்டை வேகத்தில் ஓட்டியிருந்தாலும் எட்டாது.

கண்டுபிடித்தது நான் இல்லை, அக்கா. சேர்வரில் ஏற்றி மறுநாள் விடிய எழும்ப முதல் அழைப்பு.

"தம்பி, இது எங்கட கசெற் இல்லை."

"என்னக்கா சொல்லுறீங்கள், அப்பான்ர எழுத்தில இருந்த அதே பாட்டுகள்தானே?"

"பாட்டு அதுதான். பால்காரர் எங்க?"

அந்தக் கசெற்றில் இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் இடையில் அறிவிப்பாளரின் குரல் பாதி வரும், அப்பா பட்டென்று நிறுத்துவார், அந்த "டக்" கேட்கும். அதற்கு முன்னால், ஆறு வயது அக்கா, "அப்பா, பால்காரர் வந்திட்டார்" என்று சொல்வா. வீட்டில் எல்லோருக்கும் அது பாடம். கடைக்காரர் தந்த கோப்பில் பால்காரரும் இல்லை, டக்கும் இல்லை, கசெற்றுக்கே உரிய இரைச்சலும் இல்லை. பளிங்கு மாதிரிப் பாட்டு.

மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பாட்டு முடிய ஒரு தரவிறக்கத் தளத்தின் பெயரை ஒரு பெண் குரல் சொன்னது. 1983இல் பிடித்த கசெற்றில். மருமகன் ஓடாசிற்றி என்ற மென்பொருளில் ஒலியைப் படமாகத் திறந்து காட்டினான். பதினாறு ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் இல்லை, கத்தியால் வெட்டிய மாதிரி. குறைந்த தரத்து எம்பி3 அப்படித்தான் தெரியும். கசெற்றில் உச்ச ஒலி மெல்ல மெல்லத் தேயும், இரைச்சல் அதற்கு மேலேயும் பரவியிருக்கும். கசெற் உறையில் அப்பா எழுதியதைப் பார்த்து, இணையத்தில் எம்பி3 தேடி எடுத்து, பிளாக் என்று பெயரை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பிளாக் பெட்டிக்குள் எதையும் போடலாம். உள்ளே போனது எம்பி3 என்றால் வெளியே வருவதும் அதே சத்தம்தான். கோயில் கசெற்றுகளுக்கு இணையத்தில் ஒன்றும் அகப்படவில்லைப் போலிருக்கிறது. நாதஸ்வரக் கசெற் மூன்றுக்கும் தமிழ்நாட்டுக் கல்யாண மங்கல வாத்தியம் ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

அடுத்தது டிஸ்க். கசெற் கோப்புகளோடு வீட்டுப் படங்கள், அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக் கடதாசிகளின் ஸ்கேன், எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றியிருந்தேன். பெயர்கள் தெரிகின்றன, அளவுகள் சரி, ஆனால் முதலில் ஏற்றியவை திறக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் நிறையும் வரை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்கும். 2 டீபி என்று சொன்ன டிஸ்க்கில் 64 ஜீபி மட்டும் உண்மை. அதற்கு மேல் எழுதுவது பழையதன் மேலேயே விழுகிறது. கடைசியில் ஸ்குரூவைக் கழற்றினேன். உள்ளே விரல் நுனி அளவு பச்சைப் பலகை, அதில் ஒரு மைக்ரோ எஸ்டி காட், பக்கத்தில் பாரம் காட்டப் பசையால் ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. ஆத்திரம் வந்தது உண்மை. ஆனாலும் அந்த இரும்புத் துண்டைப் பார்க்க முதலில் சிரிப்புத்தான் வந்தது. எவ்வளவு கரிசனையாக ஒட்டியிருக்கிறான். (படங்களும் ஸ்கேனும் போனில் இருந்ததால் தப்பின.)

கசெற்றுகளை வடிவாக எண்ணியது அதன் பிறகுதான். 39.

கடைக்குப் போனேன். பொடியன் மறுக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்காத விசயம். "அண்ணை, பாட்டு அதேதானே? உங்கட கசெற்றில ஒரே இரைச்சல். இது குவாலிட்டி இன்னும் நல்லம்." எனக்கு உபகாரம் செய்ததாகவே நினைக்கிறார். பெயரும் படமும் அப்படியே இருக்க உள்ளே பாட்டை மாற்றிய அந்தச் செயலியும் இதைத்தானே செய்தது? அங்கே மாதாமாதம் காசு கட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே கத்தினேன், ஏனென்றால் இது அப்பாவின் கசெற்.

மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டேன்.

"பூஞ்சணம் பிடிச்சது அண்ணை. டெக் பழுதாப் போகும் எண்டு எறிஞ்சிட்டம்."

ஒன்று றெக்கோடிங் பாரில் அடித்த சினிமாப் பாட்டு, போகட்டும். மற்றதில் அப்பா ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடப் போகிறேன் என்று சொன்ன பிறகு டிஸ்க்குக்கான 9,500ஐ மட்டும் திருப்பித் தந்தார். 24,600 தரவில்லை. அதிகார சபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். என்னிடம் துண்டு இல்லை. கேட்டால் துண்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. அதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தவன் நான். காசு கட்டியதற்கு வேறு அத்தாட்சியும் இல்லை, ஆகவே முறைப்பாடு போடவில்லை. நீங்கள் கொடுப்பதானால் எத்தனை கசெற், ஒவ்வொன்றின் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று துண்டில் எழுதி வாங்குங்கள், போனில் படமும் எடுங்கள். முதலில் ஒன்றை மட்டும் கொடுங்கள், அதுவும் நீங்கள் மனப்பாடமாய் அறிந்த கசெற்றை. யாராவது தும்மியது, நாய் குலைத்தது, ரேப் சிக்கி இழுத்தது, ஏதாவது ஒன்று அதில் இருக்கும். அது கோப்பில் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். பழுதானதையும் எறியாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். பூஞ்சணம் பிடித்த கசெற்றையும் துடைத்து, புதுக் கூட்டுக்கு மாற்றி ஓட்டலாம். அதை நான் பிந்தித்தான் படித்தேன்.

இப்போது பழைய டெக் ஒன்று வாங்கி, பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து நானே ஓட்டுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கம், நாற்பத்தைந்து நிமிடம். நாளுக்கு அவ்வளவுதான். பதினேழு முடிந்திருக்கிறது. நம்பிக்கையான கடையில் முழு விலை கொடுத்து இரண்டு டிஸ்க் வாங்கி, இரண்டையும் சோதித்துவிட்டு, ஒன்றை வீட்டில் வைத்து மற்றதை மாமி வீட்டு லாச்சியில் போட்டிருக்கிறேன். பால்காரர் இன்னும் வரவில்லை. அந்தக் கசெற்றில் அழுத்தும் பஞ்சு கழன்றுபோய்க் கிடக்கிறது, வேறு கூடு தேடுகிறேன். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறா.

போன கிழமை அந்தக் கடைப்பக்கம் போனேன். பெயர்ப்பலகையைப் புதிதாக அடித்திருக்கிறார்கள். "ஒரே நாளில்" என்று ஒரு சொல்லும் சேர்ந்திருக்கிறது.