டென்ஸ் மெஷின்: பட்டாளத்தில் இருந்த இடுப்பு வலிக்காரன் எழுதும் ரிவ்யூ

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. மூன்றரை கொடுத்திருப்பேன், அந்த அரையை வயர் தின்றுவிட்டது.

டென்ஸ் (TENS) என்பது தோலில் பேட் ஒட்டி, மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியை மட்டுப்படுத்தும் மெஷின். உள்ளங்கையில் அடங்கும் கருவி. இரண்டு சேனல், நாலு ஜெல் பேட், சார்ஜ் போட்டுக்கொள்ளும் பேட்டரி, இடுப்பில் மாட்ட ஒரு கிளிப். அட்டைப் பெட்டியில் "நாள்பட்ட வலிக்கு நிரந்தரத் தீர்வு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாங்கியதும் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். மிச்சத்தை நம்பலாம்.

எனக்கு இருப்பது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில், உடம்பின் எதிர்ப்பு சக்தியே கிளப்பிவிடுகிற அழற்சி. பெரும்பாலும் பதின்வயது முடிவிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். சரியாகப் படையில் சேருகிற வயது. இதன் குணமே தலைகீழ். ஓய்வெடுத்தால் வலி ஏறும், நடமாடினால் இறங்கும். ராத்திரியின் பின்பாதியில் எழுப்பிவிடும், விடிந்ததும் அரை மணிக்கு மேல் உடம்பு கட்டை மாதிரி மடங்காது. படை முகாமில் இதைவிடத் தோதில்லாத வலி கிடையாது. காலையில் எல்லோரும் அணிவகுக்கிற ஃபால்-இன்னில் பூட்ஸ் லேஸ் கட்டக் குனிய முடியாமல் நிற்பேன். சாயங்காலம் அதே ஆள் ஃபுட்பாலில் கோல் போடுவேன். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "பி.டி.க்கு மட்டும் வலிக்குதாம், நடிக்கிறான்" என்பான். எக்ஸ்-ரே எடுத்தால் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் மூட்டில் மாற்றம் எக்ஸ்-ரேயில் தெரிய வருஷக்கணக்கில் ஆகலாம். எம்.ஆர்.ஐ.தான் அழற்சியை முன்கூட்டியே காட்டும். அதுவரை சிக் ரிப்போர்ட்டில் என் பெயருக்கு நேரே "தசைப்பிடிப்பு, வலி மாத்திரை, லைட் டியூட்டி" என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் இந்த மெஷினை வாங்கினேன்.

வேலை செய்கிற விதம் எளிது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கும், கொஞ்சம் அடங்கும். தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகளைச் சுறுசுறுப்பாக்கினால், மெல்லிய நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே மட்டுப்படும் என்று 1965ல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினார்கள். "கதவுக் கட்டுப்பாடு" கொள்கை என்பார்கள். அந்தத் தேய்ப்பை மின்துடிப்பால் செய்கிறது டென்ஸ், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற அழற்சியை இது தொடுவதே இல்லை. மூட்டு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

துடிப்பின் பலத்தை எவ்வளவு வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் லேசாகக் கூசுகிற அளவில் வைத்துவிட்டு "ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். பலமாகத் தெரிய வேண்டும், ஆனால் சுள்ளென்று வலிக்கக் கூடாது, தசை துள்ளக் கூடாது. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் அரை மணி நேரம் நிஜமாகவே நிம்மதி. எனக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை துடிப்பு, ஒத்துக்கொண்டது. 2, 4 ஹெர்ட்ஸில் வைத்தால் யாரோ விரலால் குத்திக்கொண்டே இருப்பது போல இருக்கிறது. சிலருக்கு அதுதான் பிடிக்கும். தினமும் ஒரே அமைப்பில் போட்டால் உடம்பு பழகிப்போய் வேகம் குறையும், மாற்றி மாற்றிப் போடணும். மோடு மாற்றினால் அளவு தானாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. இது நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் இருட்டில் பட்டனைத் தப்பாக அழுத்தி பங்க்கிலிருந்து துள்ளியிருப்பேன்.

கடுப்பேற்றுகிற விஷயங்களும் உண்டு. பட்டன் ஒவ்வொரு அழுத்தலுக்கும் பீப் அடிக்கிறது, அணைக்க வழியே இல்லை. இருபது பேர் தூங்குகிற பாரக்கில் ராத்திரி மூன்று மணிக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் போர்வைக்குள் வைத்துத் தலையணையை மேலே அமுக்கிக்கொண்டு அழுத்துவேன். கீழ் முதுகில் பேட் ஒட்ட இன்னொரு கை வேண்டும். ஆளில்லாவிட்டால் ஓரம் மடங்கும், மடங்கின பேட்டில் கரண்ட் சின்ன இடத்தில் குவிந்து ஊசி மாதிரி குத்தும். முதுகில் முடி இருந்தால் ஒவ்வொரு உரிப்பும் ஒரு தண்டனை. வியர்வை பட்டால் பேட் வழுக்கிவிடும். ஜெல் காய்ந்தால் விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் இன்னும் சில தடவை ஒட்டும், பிறகு குப்பைதான். கையேட்டில் எல்லாப் படமும் முழங்காலுக்கே. இடுப்புக்கு எங்கே ஒட்டுவது என்று ஒரு கோடுகூட இல்லை.

முதுகில் பாரத்தோடு நீண்ட தூரம் நடக்கிற ரூட் மார்ச்சில் போட்டுக்கொண்டு நடக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பேக்கின் இடுப்புப் பட்டை சரியாக பேட்டின் மேலேயே உட்காரும், வயர் சிக்கும். அது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ராத்திரி வந்து, "அண்ணே, நாளைக்கு ரூட் மார்ச். அந்த மெஷினைக் கொஞ்சம் குடுங்கண்ணே, முழங்காலுக்குக் கீழ உயிர் போகுது" என்றான். காலை நீட்டச் சொல்லி, கணுக்காலிலிருந்து எலும்பு ஓரமாகவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலே போனேன். எலும்பு நெடுகிலும் பரவலாக வலித்திருந்தால் ஓட்டத்தால் வருகிற சாதாரண முன்கால் வலி, ஷின் ஸ்பிளின்ட், என்று விட்டிருப்பேன். இவனுக்கு ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் கை பட்டதும் கட்டிலை விட்டு எழும்பினான். கூடவே, குதித்தால் அதே இடத்தில் வலி, இப்போதெல்லாம் படுத்தாலும் வலி என்றான். "டேய், இதுக்கு மெஷின் கிடையாது, நேரா எம்.ஐ. ரூம் போ" என்று படை மருத்துவ அறைக்கு அனுப்பிவிட்டேன். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனாலும் நல்லவேளையாக மார்ச்சிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு எடுத்த ஸ்கேனில் எலும்பில் விரிசல் தெரிந்தது. ஓயாத பாரத்தால் எலும்பில் விழுகிற இந்த மாதிரி விரிசல், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் மறைந்திருப்பது சகஜம். இது ஒன்றும் புது வியாதியும் அல்ல. 1855லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை டாக்டர், நீண்ட நடைக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். எக்ஸ்-ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று புரிந்தது. அந்த வலியை மெஷினால் மழுப்பிக்கொண்டு முதுகில் பாரத்தோடு நடந்தால் விரிசல் முழு முறிவாகப் போகும்.

ஓடத் தொடங்கிக் கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஆடுசதை கல்லாக இறுகி, நின்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடுகிறதா? அது தசை உறைக்குள் அழுத்தம் ஏறுகிற வேறொரு கேஸ். அதற்கும் இது உதவாது. பாதம் மரத்துப்போகிறது என்றால் உடனே காட்டுங்கள்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடுகிற நைஸ் (NICE) அமைப்பு 2016ல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டியில் டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். இருந்தும் விற்கவில்லை. காலையில் இதைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிற அந்த அரை மணியில் வெந்நீர்க் குளியலுக்கும் உடற்பயிற்சிக்கும் எழுகிற தெம்பு வருகிறது. என் நோய்க்கு நிஜ மருந்து அழற்சியைக் குறைக்கிற மாத்திரையும், தினப்படிப் பயிற்சியும், அதற்கும் அடங்காதபோது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளை அடக்குகிற ஊசியும்தான். அந்தப் பயிற்சிக்கு என்னைக் கிளப்பிவிடுகிற வேலையை இது செய்கிறது. அதற்காக மட்டும் மூன்று மதிப்பெண்.

ஊசி என்றதும் அடுத்த கேள்வி வரும் என்று தெரியும்: படையில் தொடர முடியுமா? பல நாடுகளின் படைகளில் இந்த நோய் தெரிந்தால் சேர்க்கவே மாட்டார்கள். உள்ளே வந்தபிறகு தெரிந்தால் மருத்துவ வகையை, அதாவது உடல்தகுதித் தரத்தை, இறக்குவார்கள். ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் வைக்கணும், தொற்று வாய்ப்பும் கூடும், காசநோய் சோதனை செய்தே தொடங்குவார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத முகாமுக்கு அப்படிப்பட்ட ஆளை அனுப்பத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. எனக்கு ஸ்டோர்ஸ் வேலை கொடுத்தார்கள், பிறகு வெளியே வந்தேன். நோயின் பெயர் தெரியாத வருஷங்களில் "நடிக்கிறான்" என்று கேட்டதைவிட, பெயர் வைத்து வெளியே அனுப்பியது எனக்குப் பரவாயில்லை. இது என் கணக்கு.

வாங்குகிறவர்கள் கவனிக்க: பேஸ்மேக்கர் இருந்தால் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம் ஒட்டாதீர்கள். உணர்ச்சி மரத்த தோலில் வேண்டாம், சூடு தெரியாமல் புண்ணாகும். வண்டி ஓட்டும்போது வேண்டாம். முன்னமே அமைத்த மோடு மட்டும் இருக்கிற மாடலைத் தவிருங்கள், ஹெர்ட்ஸை நாமே மாற்றுகிற மாதிரி இருப்பதை எடுங்கள்.

அப்புறம் அந்த வயர். பிளக் நுழைகிற கழுத்தில் உள்ளே அறுந்துவிடுகிறது, வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் துடிப்பு வந்து வந்து போனால் மெஷினைத் திட்டாதீர்கள், வயரை மாற்றுங்கள். ஆர்டர் போடும்போதே கூட ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள், பிடுங்கும்போது பிளக்கைப் பிடித்துப் பிடுங்குங்கள்.