பீப் அடிக்கும் பெட்டியும் நானும்: ஐந்தரை வருடக் கணக்கு

மச்சான் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். தள்ளுபடி விற்பனையில் என்னிடம் இருக்கும் அதே நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, எல்லாருடைய கோப்புகளையும் சேமித்து வைக்கும் பெட்டி), நான் 2019 டிசம்பரில் கொடுத்த விலையை விட மூவாயிரம் ரூபாய் குறைவு. கீழே ஒரே வரி: "மாப்ளே, வாங்கலாமா?"

ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பெட்டியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதன் பீப் சத்தம்தான் வழக்கு.

இரண்டு டிஸ்க் போடும் சின்னப் பெட்டி, தலா 4 டெராபைட், ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும் ரெய்டு 1 அமைப்பு. இதெல்லாம் மச்சானுக்கே தெரியும். 4 என்று அட்டையில் போட்டிருப்பது திரையில் 3.6 என்று வரும், கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம் என்பதும் தெரியும். டிஸ்க் தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். ரெய்டு என்ற பெயர் 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது. ஆங்கிலத்தில் RAID, அதில் உள்ள 'ஐ'க்கு அப்போது 'மலிவான' என்று பொருள். இரண்டு டிஸ்க்குக்கும் பணம் கட்டிய அன்று எனக்கு அந்த மலிவு கண்ணில் படவில்லை.

நிறுவுவது ஒரு சாயங்கால வேலைதான். ரவுட்டரில் கேபிளைச் செருகி, பிரவுசரில் நான்கு பக்கம் 'அடுத்து, அடுத்து' அழுத்தினால் முடிந்தது. ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்குகளில் சிதறிக் கிடந்த 1.2 டெராபைட்டை உள்ளே ஏற்ற முப்பது மணி நேரம் ஆனது. விநாடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவே இல்லை. பெட்டியைத் திட்டினேன், டிஸ்க்கைத் திட்டினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது: வீட்டுக்கு நெட் இழுத்துக் கொடுத்தவர் கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் பிளக்கில் சேர்த்துவிட்டு, மிச்ச நான்கை வெட்டி விட்டிருந்தார். நான்கு கம்பியில் 100 மெகாபிட்தான் ஓடும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். புது பிளக் போட்டதும் வேகம் 110ஐத் தொட்டது. பெட்டி மேல் முதல் தடவையாக ஒரு பொய்க் குற்றச்சாட்டு வைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

நல்லதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். போனில் எடுக்கும் படங்கள் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் தானாகவே பெட்டிக்குள் போய்விடும். என் மனைவிக்கு இது எவ்வளவு பழகிவிட்டது என்றால், போன் நிறைந்ததும் படங்களைக் கூசாமல் அழிப்பார். "அதான் பெட்டியில இருக்கே." அப்பா அந்தக் காலத்தில் எடுத்த நெகட்டிவ்கள், வீட்டுப் பத்திரம், கல்யாண வீடியோ, எல்லாம் ஒரே இடத்தில். டிவியிலிருந்தே பார்க்கலாம். வெளியூரிலிருந்து பார்ப்பது மட்டும் முதலில் நடக்கவில்லை. நம் ஊர் இணைப்புகளில் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான், தனியாக வாசல் திறந்து வைக்க வழி கிடையாது. நம் கருவிகளை மட்டும் இணையம் வழியே தனியாக இணைத்துவைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டதும் அதுவும் சரியானது. ஒரு விதத்தில் அந்த வாசல் திறக்காமல் போனதே நல்லது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயக் கைதி வைரஸ் இணையத்தில் நேராகத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளாகத் தேடிப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது.

இப்போது பீப்.

இந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு சத்தம்தான் தெரியும். கரண்ட் போய் வந்தால் பீப். கேபிள் லேசாக அசைந்தால் பீப். அப்டேட் முடிந்தால் பீப். ஃபேன் நின்றால் பீப், பீப், பீப். டிஸ்க் செத்தாலும் அதே பீப், பீப், பீப். அவசரத்துக்கும் அற்பத்துக்கும் வித்தியாசமே கிடையாது. திருச்சியில் மே மாதம் பரண் மேல் வைத்த பெட்டியில் டிஸ்க் 52 டிகிரி காட்டும், ஃபேன் முழு மூச்சில் ஓடும். 2021இல் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு ஆரம்பித்த சத்தம் நிற்கவே இல்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், ஃபேன் இறக்கையில் ஒரு பல்லி. அடுத்த மாதமும் அதே ராத்திரி, இன்னொரு பல்லி. அம்மா வேறு, பல்லி விழுந்த பலன் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். அன்றைக்கே செட்டிங்கில் போய் ஒலி எச்சரிக்கைக்கு எதிரே இருந்த டிக் எல்லாவற்றையும் எடுத்தேன். புலி வருது, புலி வருது என்று தினமும் கத்தினால் யார் கேட்பார்கள்? மின்னஞ்சல் வருமே, அது போதும் என்று நினைத்தேன்.

மின்னஞ்சலும் வரவில்லை. நான் பயன்படுத்தும் அஞ்சல் சேவை, வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளிச் செயலிகள் நுழைவதை 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. அதற்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. பெட்டி மூன்று வருடம் கதவைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது. கடிதம் வரவில்லை என்றால் எல்லாரும் சௌக்கியம் என்றுதானே அர்த்தம்?

2025 மே மாதக் கோடை மழையில் கரண்ட் மூன்று தடவை போய் வந்தது. மறுநாள் காலை பெட்டியில் விளக்கே இல்லை. அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்தேன், 12 வோல்ட் சரியாக வந்தது. போனது போர்டு. ஐந்து வருடமாக 'டிஸ்க் எப்போது போகும்' என்றே பயந்துகொண்டிருந்தவனுக்கு, பெட்டியே போகும் என்று தோன்றியதில்லை. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் போர்டுக்குச் சொன்ன விலையில் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம். டேட்டா மீட்டுத் தருபவர் ஒருவர் டிஸ்க்கைப் பார்க்காமலேயே 45,000 என்றார். தெருமுனைக் கடைத் தம்பி உதவி செய்கிறேன் என்று டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்ட, 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று கேட்டது. தம்பியின் கை மவுஸை நோக்கிப் போனபோது நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடந்தது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைப் பென்டிரைவில் போட்டு அதைக் கிளப்பி, இரண்டு டிஸ்க்கையும் மாட்டினேன். எதிர்பாராத சந்தோஷம் இங்கேதான். இத்தனை வருடம் பளபளப்பான முகத்தோடு இருந்த இந்தப் பெட்டிக்குள் ஓடியது சாதாரண லினக்ஸ். எம்டிஆடம் என்ற, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கருவிதான் இரண்டு டிஸ்க்கையும் ஜோடி சேர்த்து வைத்திருந்தது. நிறுவனத்துக்கே உரிய ரகசியப் பூட்டு எதுவும் இல்லை. இதற்காக அந்த நிறுவனத்துக்கு மனதார ஒரு கும்பிடு. உடனே ஜோடி சேர்க்காமல், ஒவ்வொரு டிஸ்க்கின் தலையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் முதலில் படித்தேன். அப்படிப் படித்ததுதான் என்னைக் காப்பாற்றியது.

முதல் டிஸ்க் கடைசியாக எழுதப்பட்டது மே 2025. இரண்டாவது, ஜூலை 2024.

பத்து மாதம். பத்து மாதமாக இரண்டாவது டிஸ்க் அணியிலேயே இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199ஆம் எண்ணில் பிழைகள் குவிந்திருந்தன. அது பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றம் இல்லை, இணைப்பின் குற்றம், ஸ்லாட் லூஸ். ஒரு தடவை கழற்றி மாட்டியிருந்தால் முடிந்திருக்கும். பெட்டி கத்தப் பார்த்திருக்கும், நான் வாயைக் கட்டிவிட்டேன். ஆரஞ்சு விளக்கு எரிந்திருக்கும், பரணில் அதற்கு முன்னால் சூட்கேஸ் இருந்தது. போன் படங்கள் மட்டும் வழக்கம் போல ஏறிக்கொண்டே இருந்தன, ஒற்றைக் காலில்.

முதல் டிஸ்க்காவது நலமா என்று பார்த்தால், அதில் 197ஆம் எண் பூஜ்யமாக இல்லை. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் கணக்கு அது. அந்தப் பத்து மாதத்துக்குள்தான் அப்பாவின் கடைசிப் பொங்கல் இருந்தது. அந்தப் படங்கள் போனில் இல்லை. பெட்டியில இருக்கே.

அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அந்த டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூடத் திறக்காமல் கழற்றி வைத்தது. புது 4 டெராபைட் டிஸ்க் வாங்கி வந்து, டிடிரெஸ்க்யூவில் அப்படியே நகல் எடுத்தேன். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய கருவி அது. அதன் அழகு என்னவென்றால், கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, விட்டுப் போனதையெல்லாம் ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரும். (போனது. தொடர்ந்தது.) முதல் சுற்று ஒரு ராத்திரி. மிச்சத்தைச் சுரண்ட இன்னொரு பகல் முழுக்க. கடைசிக் கணக்கு: படிக்கவே முடியாத இடம் 19, மொத்தம் 76 கிலோபைட்.

இத்தனை டெராபைட்டில் 76 கிலோபைட் தூசுதான். ஆனால் அந்தத் தூசு எந்தக் கோப்பில் விழுந்தது? இதற்கும் அந்தக் கருவியிலேயே வழி இருந்தது: மீட்க முடியாத இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். நான் 'போச்சு' என்று கொடுத்தேன். அப்புறம் அசல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, நகலை மட்டும் மாட்டி (இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே, சேர்த்து மாட்டினால் லினக்ஸ் குழம்பும்), படிக்க மட்டும் அனுமதி கொடுத்துத் திறந்து, எல்லாக் கோப்புகளிலும் 'போச்சு' என்று தேட விட்டேன். ஐந்தாறு மணி நேரம். அப்பாவின் பொங்கல் முழுசாக இருந்தது. 'போச்சு' வந்தது இரண்டே கோப்புகளில். ஒன்று, யாரும் பார்க்காத பழைய பட டிவிடியின் காப்பி. இன்னொன்று எங்கள் கல்யாண வீடியோ. பந்தியில் மச்சான் இரண்டாவது தடவை பாயசம் கேட்கும் இடத்தில் இரண்டு நொடி பச்சைக் கட்டங்கள்.

அதன் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இணையத்தில் தேடி, அதே மாடல் பழைய பெட்டியை ஆறாயிரத்துக்கு வாங்கினேன். நகல் டிஸ்க்கைப் போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல அதே முகப்பு, அதே பெயர்கள், அதே பாஸ்வேர்டு. ஜூலையில் தூங்கிப்போன டிஸ்க்கைத் துடைத்துச் சேர்த்தேன், ஒரே ராத்திரியில் ஜோடி சேர்ந்துகொண்டது. யுபிஎஸ் ஒன்று வாங்கி யுஎஸ்பி கேபிளில் இணைத்திருக்கிறேன், கரண்ட் போனால் பெட்டி தானாக ஒழுங்காக அணையும். ஞாயிறுதோறும் ஒரு வெளி டிஸ்க்கில் தனி நகல் எடுத்து, அதைத் தங்கை வீட்டு பீரோவில் வைக்கிறேன். ரெய்டு என்பது பேக்கப் இல்லை என்று நானே பல பேருக்குப் பாடம் எடுத்தவன், கேட்காதீர்கள். பெட்டி இப்போது பரணில் இல்லை, ஹாலில் டிவி பக்கத்தில். ஃபேனுக்கு முன்னால் கொசுவலைத் துண்டு. பீப் எல்லாம் மறுபடியும் டிக்.

ஐந்தரை வருடம் உழைத்தது, செத்த பிறகும் உள்ளே இருந்ததை மறைக்காமல் கொடுத்தது, திரும்ப அதையே வாங்க வைத்தது. ஆனாலும் மச்சானுக்கு நான் அனுப்பிய பதில்: "வாங்காதீங்க." டிஸ்க் சாவதையும் பல்லி சாவதையும் ஒரே குரலில் சொல்லும் ஒரு பெட்டியை, இந்த விலைக்கு, என் வாயால் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய மினி பிசி ஒன்றில், அதை நாஸ் பெட்டியாக மாற்றும் ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றேன்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன். வாங்கிவிட்டாராம். தள்ளுபடி அன்றோடு முடிகிறது என்று போட்டிருந்ததாம். பின்னணியில் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சத்தம்.

"மாப்ளே, இத எங்க நிறுத்துறது?"