கப்புச்சின் குரங்கா, மரநாயா?

ஏற்காட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பாலூட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: தென் அமெரிக்காவின் கப்புச்சின் குரங்கு, நம்மூர் மரநாய். நான் மரநாயை எடுத்துக்கொண்டேன்.

எடையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மூன்று கிலோ சுமார். இரண்டும் மரமேறும், பழமும் பூச்சியும் தின்னும். குரங்கு பகலில் கூட்டமாகத் திரியும், மரநாய் இரவில் தனியாக. சரி, இதெல்லாம் தெரிந்ததுதான். மரநாயையும் புனுகுப்பூனையையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வாசனைப் பொருளான புனுகு எடுப்பது புனுகுப்பூனையிடம். மரநாய் அதே குடும்பம் என்றாலும் வேறு இனம்.

புத்தி என்று பார்த்தால் கப்புச்சின்தான். பிரேசிலின் செர்ரா ட கபிவாரா பூங்காவில் முந்திரிக்கொட்டையைக் கல்மேல் வைத்து, இன்னொரு கல்லால் தட்டி உடைக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு 3,000 ஆண்டு வயது என்று அங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் 2019-இல் எழுதினார்கள். நான் படத்தில் பார்த்ததோடு சரி. நேரில் பழகியவர்கள் இன்னும் நிறையச் சொல்வார்கள்.

என்னை மரநாயின் பக்கம் இழுத்தது அதன் எச்சம். ஒருநாள் விடிகாலை, காப்பித் தோட்டத்துப் பாறைமேல் விரல் நீளத்துக்குக் கிடந்தது. முழுக்கக் காப்பிக்கொட்டை. சதை போயிருந்தது, கொட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. குச்சியால் தொட்டதும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பாறையடி ஈரமண்ணில் நாலைந்து கன்றுகள் முளைவிட்டிருந்தன.

பழத்தை விதையோடு விழுங்கிவிடும். வயிற்றில் செரிப்பது சதை மட்டும். இரவெல்லாம் அலைந்து, தாய்மரத்தை விட்டு எங்கோ தள்ளி விதையைப் போடும். களக்காடு முண்டந்துறை மழைக்காட்டில் வாழும் இன்னொரு வகையான பழுப்பு மரநாய்க்குப் பழம்தான் பிரதான உணவு. சின்னப் பறவைகளால் விழுங்க முடியாத பெரிய விதைகளையும் அது சுமந்துபோகிறது. கப்புச்சினும் சின்ன விதைகளைப் பரப்பும், மறுக்கவில்லை. ஆனால் அது கல்லால் உடைத்த கொட்டை அதோடு முடிந்தது.

இந்தோனேசியாவில் எச்சத்தோடு வரும் காப்பிக்கொட்டைக்காக மரநாயைக் கூண்டில் அடைத்துப் பழம் ஊட்டுகிறார்கள். காடெல்லாம் விதைக்கிற பிராணியைக் கம்பிக்குள் வைத்திருப்பதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை. பிள்ளைகளிடமும் அதைச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு சிறுமி தீப்பெட்டியை நீட்டினாள். உள்ளே நாலு கூந்தப்பனை விதை.

"சார், எங்க வீட்டு மாடியில கிடந்துச்சு. எங்க நடலாம்?"