ஹை ட்யூனிங் கேட்டேன், ட்ரில் போட்டு முறுக்கிக் கொடுத்தார்கள்

சென்னையில் ட்ரம் செட்டை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், அதிலும் ஜாஸ் வாசிப்பதற்காகச் சுருதி ஏற்றி வைக்கச் சொல்லிக் கொடுக்கிறவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிட்டுக் கொடுங்கள். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

என் செட் நான்கு வருடத்துக்கு முன் பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம் வாங்கியது. அந்தக் காலத்தில் ஹோட்டல் பேண்டுகளில் வாசித்தவர். காலால் மிதித்து அடிக்கிற 18 அங்குல பேஸ் ட்ரம், 12 அங்குல டாம், தரையில் நிற்கிற 14 அங்குல ஃப்ளோர் டாம், அடியில் கம்பிச்சுருள் உள்ள 14 அங்குல ஸ்நேர். ஜாஸ் வாசிக்கிறவர்கள் கேட்கிற அதே அளவு. பேஸ் ட்ரம்மின் முன்பக்க ஸ்கின்னில், அதாவது ட்ரம்மின் வாயை மூடுகிற பிளாஸ்டிக் படலத்தில், நீலப் பெயின்டில் ஒரு ட்ரம்பெட் படம் இருக்கும். அவருடைய மனைவி வரைந்தது. அந்த அம்மா இப்போது இல்லை. "செட்டை யாருக்கு வேணா குடுப்பேன், இந்தப் படத்தைப் பாத்துக்கறவனுக்குத்தான் குடுப்பேன்" என்று சொல்லித்தான் அங்கிள் எனக்குக் கொடுத்தார்.

ஸ்கின்கள் தேய்ந்து போயிருந்தன. ஒரு ட்ரையோவில் வாசிக்க வாய்ப்பு வந்தது. பியானோ, டபுள் பேஸ், நான். சரி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம் என்று கடையில் கொடுத்தேன். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று தாளில் எழுதியே கொடுத்தேன்: டாம் இரண்டுக்கும் மேலும் கீழும் கோட்டட் அம்பாசடர் (வெள்ளைப் பூச்சு உள்ள ஒற்றைப் படல ஸ்கின்), ஸ்நேருக்கு மேலே அதே, கீழே ஸ்நேர் சைடு ஸ்கின், பேஸ் ட்ரம்மில் அடிக்கிற பக்கம் மட்டும் மாற்றினால் போதும், முன்பக்கத்தைத் தொட வேண்டாம், ட்யூனிங் ஹை, ஜாஸுக்கு. கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "நம்ம பையன் பெரிய பெரிய ஆர்ட்டிஸ்ட் செட்டெல்லாம் பண்றவன் சார், கவலைய விடுங்க" என்றார். பத்து நாள் கழித்துப் போய் 19,400 ரூபாய் கட்டி எடுத்து வந்தேன். அங்கேயே உறையைத் திறந்து பார்க்காதது என் தவறு.

வீட்டில் பேஸ் ட்ரம் உறையைப் பிரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. முன்பக்க ஸ்கின்னில், ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே, ஒரு சாப்பாட்டுத் தட்டின் பாதி அளவுக்கு வட்டமாக வெட்டியிருந்தார்கள். அந்த அம்மா வரைந்த ட்ரம்பெட்டின் வாய் இருந்த இடம்தான் அந்த ஓட்டை. ஓரத்தில் பிசிறு கூடச் சரியாக எடுக்கவில்லை, பிளேடு போன தடம் தெரிந்தது. உள்ளே ஒரு சின்னத் தலையணையும் திணித்திருந்தார்கள்.

உடனே போன் செய்தேன். "மைக் உள்ள போறதுக்கு ஓட்டை வேணும்ல சார்? அதுக்கு நாங்க காசே போடல, ஃப்ரீயாதான் பண்ணிக் குடுத்தோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே உதவி செய்ததாக நினைத்திருக்கிறார். ராக், சினிமாப் பாட்டு, சர்ச் மேடை இதற்கெல்லாம் பேஸ் ட்ரம்முக்கு அந்த ஓட்டையும் தலையணையும் வேண்டியிருக்கும். தட்டென்று ஒரு அடி விழுந்து உடனே அடங்க வேண்டும். ஜாஸில் நிலைமை வேறு. 1940களில் கென்னி கிளார்க் போன்ற ட்ரம்மர்கள் தாளத்தை ரைடு சிம்பல் என்கிற பெரிய உலோகத் தட்டுக்குக் கொண்டுபோன பிறகு, பேஸ் ட்ரம் நாலு எண்ணிக்கைக்கும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. எதிர்பாராத இடத்தில் ஒரு சொல் போல விழும். அதனால் அதற்கும் ஒரு சுரம் வேண்டும். இரண்டு பக்கமும் முழு ஸ்கின் இருந்து, உள்ளே காற்று அடைபட்டு, முன்பக்கம் சேர்ந்து அதிர்ந்தால்தான் அந்தச் சுரம் வரும். ஓட்டை போட்டால் காற்று வெளியே போய்விடும், நாதமும் கூடவே போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. டபுள் பேஸின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் பேசுகிறது. அந்தக் கீழ்த்தளத்தை அவருக்கு விட்டுவிட்டு ட்ரம் மேலே ஏறி நிற்க வேண்டும். ஹை ட்யூனிங் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்து டாம். குச்சியால் தட்டினேன். "டூம்" என்று திறந்து பாட வேண்டியது, மேசையைத் தட்டினது மாதிரி "டக்" என்று நின்றது. கீழே குனிந்து லைட்டுக்கு எதிரே பார்த்தபோதுதான் கவனித்தேன், மேலே போட்டிருந்தது கோட்டட் ஸ்கின்னே அல்ல. பளபளப்பான ட்ரான்ஸ்பரன்ட் ஸ்கின். சாய்த்துப் பிடித்தால் மழைத்தண்ணீரில் பெட்ரோல் மிதக்கிற மாதிரி வானவில் நிறம் ஓடியது. இரண்டு படலம் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் நடுவில் அப்படித் தெரியும். நான் கேட்டது 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒற்றைப் படலம். பில்லில் எழுதியிருந்ததும் அதுதான், வாங்கிய காசும் அதற்குத்தான். போட்டது இரட்டைப் படலம். ஓங்கி அடிக்கிறவர்களுக்கு அது நல்ல ஸ்கின், உழைக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெதுவாகத் தொட்டால் வாய் திறக்காது. குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ் வைத்து இழுத்தால் அந்த "ஷ்ஷ்" வராமல் வழுக்கிக்கொண்டு போகும். சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு இல்லாமல் ஜாஸ் பேலட், அதாவது மெதுவான பாட்டு, வாசிக்கவே முடியாது.

ஸ்நேர் இன்னும் மோசம். கீழ்ப்பக்கம் கம்பிச்சுருள் உரசும் இடத்தில் 3 மில் தடிமனில், டிஷ்யூ பேப்பர் மாதிரி மெல்லிய ஸ்கின் இருக்க வேண்டும். இவர்கள் அங்கேயும் மேல்பக்கத்துக்கான தடித்த ஸ்கின்னையே போட்டிருந்தார்கள். மெல்லிய தட்டல் ஒன்றுக்கும் கம்பி அசையவில்லை. ஜாஸில் ஸ்நேர் வாசிப்பில் பாதிக்கு மேல் அந்த மெல்லிய தட்டல்தான்.

இதெல்லாம் ஸ்கின்னை மாற்றினால் சரியாகிவிடும். சரியாகாதது இனிமேல்தான்.

டாமின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில், ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தட்டிப் பார்த்தேன். ஆறு போல்ட், ஆறு சுருதி. கழற்றலாம் என்று போல்ட் திருகுகிற ட்ரம் கீயைப் போட்டால் இரண்டு போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. போல்ட் இறங்குகிற லக்கின் உள்ளே இருக்கும் மரை தேய்ந்து போயிருந்தது. ஒருவழியாக எல்லாவற்றையும் எடுத்து, ஸ்கின்னை இறுக்கிப் பிடிக்கிற வளையமான ஹூப்பைச் சமையலறையில் கடப்பாக் கல் மேடையில் வைத்தேன். ஆடியது. ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் தூக்கியது. இடைவெளியில் ஏடிஎம் கார்டு ஒன்று தடையில்லாமல் நுழைந்து வெளியே வந்தது. இத்தனை வருடம் ஒரு கோணலும் இல்லாமல் இருந்த ஹூப்.

மறுநாள் நேரில் போனேன். வேலை செய்த பையன் ஒளிக்கவில்லை, காட்டினான். பேட்டரி ட்ரில்லில் ட்ரம் கீ பிட்டை மாட்டி, ஒரு போல்ட்டை முடிகிற வரை முறுக்கிவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போகிறான். "ஹை ட்யூனிங்தானண்ணா கேட்டீங்க, நல்லா டைட்டா வெச்சிருக்கேன்." அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோபம் அவன் மேல் இல்லை. காசு வாங்கிப் பெட்டியில் போட்ட முதலாளி மேல்தான்.

ஹை என்றால் டைட் என்று இல்லை. இதை மட்டுமாவது கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கின்னைக் கையால் வைத்து, எல்லா போல்ட்டையும் விரலால் முடிகிற அளவுக்கு மட்டும் திருகி, அதன் பிறகு கீயை எடுத்து ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒரு முறைக்குக் கால் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓரத்தில் தட்டிக் கேட்டு ஏறியதை இறக்கி, இறங்கியதை ஏற்ற வேண்டும். கீழ்ப்பக்கத்தையும் அப்படியே, மேலதற்குச் சமமாகவோ கொஞ்சம் ஏற்றியோ வைக்க வேண்டும். ஒரு எல்லைக்கு மேல் போனால் ஸ்கின் மூச்சுத் திணறிச் செத்துவிடும். எனக்கு ஃப்ளோர் டாம் ச என்றால் மேல் டாம் சுத்த மத்யமத்தில் நிற்க வேண்டும். ஜாஸ் ட்ரம்மர் மேக்ஸ் ரோச் வாசிப்பைக் கேட்டால் ட்ரம் செட்டில் மெட்டே கட்ட முடியும் என்பது தெரியும். இன்னொரு ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ் 1963இல் 17 வயதில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் சேர்ந்தபோது வாசித்த அந்த ஒலியும் இப்படி ஏற்றி வைத்த சின்ன ட்ரம்களிலிருந்து வந்ததுதான். முறுக்கின வேகத்தில் வந்த ஒலி அல்ல.

நம் ஊரில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை என்பதுதான் எனக்கு வேதனை. கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் என்ன செய்கிறார்? வலந்தலையைச் சுற்றிச் சுற்றித் தட்டி, எந்த இடம் இறங்கியிருக்கிறதோ அங்கே கல்லால் ஒரு தட்டுத் தட்டி, திரும்ப மீட்டிப் பார்க்கிறார். சுற்றிலும் ஒரே சுருதி வரும் வரை விடமாட்டார். மெஷின் வைத்து ஒரே இழுப்பில் வாரை இழுத்தால் அவர் சும்மா இருப்பாரா?

டாமை மட்டும் எடுத்துக்கொண்டு பெரம்பூருக்குப் போனேன். அங்கிளுக்கு இப்போது கை நடுங்குகிறது. ஆனாலும் நான் வாங்கிப்போன புது ஸ்கின்னை, வேறு செட்டிலிருந்து கழற்றிய ஹூப் ஒன்றை வைத்து அவரே மாட்டினார். நடு ஸ்கின்னில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு இன்னொரு கை நகத்தால் ஓரத்தில் தட்டுவார், கீயை எறும்பு நகர்கிற அளவுக்குத் திருப்புவார், கண்ணை மூடிக்கொள்வார். முக்கால் மணி நேரம் ஆனது. மரை போன இரண்டு இடத்தில் மட்டும் சுருதி நிற்கவே இல்லை. "ஷெல் தப்பிச்சுதே, அது போதும் மேன்" என்றார், ட்ரம்மின் உடம்பைச் சொல்கிறார். பேஸ் ட்ரம்மைப் பற்றிக் கேட்டார். படத்தைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை, நல்லா இருக்கு அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ட்ரம்மையும் ஸ்கின் எழுத்து தெரிகிற மாதிரி, ஹூப், லக் எல்லாம் படம் எடுத்து வையுங்கள். புது ஸ்கின் முடிந்தால் நீங்களே வாங்கிக் கொடுங்கள், பழையதைத் திருப்பிக் கேளுங்கள். ட்ரில் போடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். வாங்கும்போது காசு எடுப்பதற்கு முன் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட் பக்கத்திலும் தட்டிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பில்லில் ஸ்கின் பெயரும் அளவும் தனித்தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள். என்னைக் காப்பாற்றியது அந்தப் பில் ஒன்றுதான். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டு அந்த எண்ணைக் காட்டிய பிறகுதான் முதலாளி இறங்கி வந்தார்.

ஸ்கின் காசு 11,000 திரும்ப வந்தது. ஹூப்புக்கும் லக்குக்கும் "மாசக் கடைசியில பாத்துக்கலாம் சார்" என்றார், இரண்டு மாதம் முடிந்துவிட்டது. வெட்டி எடுத்த அந்த வட்டத்தையாவது கொடுங்கள், பின்னால் ஒட்டி வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார்களாம்.