நிதியியல் மாணவரின் திட்ட ஆய்வுக்கு எக்ஸெல்: ஒரு மதிப்புரை

எம்.காம்., எம்.பி.ஏ. நிதிப் பிரிவு மாணவர்கள் திட்ட ஆய்வும் மேலாண்மையும் என்ற பாடத்தைப் பெரும்பாலும் கால்குலேட்டரையும் பி.வி. ஃபேக்டர் (நிகழ்கால மதிப்புக் காரணி) அட்டவணையையும் வைத்தே படித்து முடிக்கிறார்கள். ஆனால் வங்கியின் கடன் பிரிவுக்கோ ஆலோசனை நிறுவனத்துக்கோ வேலைக்குச் சென்றால், திட்டக் கணக்கு முழுவதும் எக்ஸெல் கோப்பில்தான் நடக்கிறது. அந்தப் பாடத்தின் தேவைகளை மட்டும் அளவுகோலாகக் கொண்டு எக்ஸெலை இங்கே மதிப்பிடுகிறேன். பணக் கணக்குக்கு மாணவர் கைக்கு எட்டக்கூடிய மிகச் சிறந்த கருவி அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. காலக் கணக்கில் அதன் வலிமை பாதிதான்.

பணக் கணக்கிலேயே கவனம் தேவைப்படும் இடங்கள் உண்டு. பத்து லட்சம் ரூபாய் முதலீடு, அடுத்த நான்கு ஆண்டுகளில் முறையே 3, 4, 4, 3 லட்சம் நிகர வரவு, தள்ளுபடி விகிதம் (பின்னாளில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 10 சதவீதம் என்று ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதன் நிகர நிகழ்கால மதிப்பு (என்பிவி), அதாவது வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது, 1,08,736 ரூபாய். ஆனால் முதலீட்டையும் சேர்த்து ஐந்து செல்களையும் என்பிவி ஃபார்முலாவுக்குள் கொடுத்தால் 98,851 என்று விடை வரும். அந்த ஃபார்முலா, தனக்குத் தரப்படும் முதல் தொகையே ஓராண்டின் முடிவில் வருவதாக எடுத்துக்கொண்டு, இன்று போடும் முதலீட்டையும் ஓராண்டுக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறது. வரவுகளை மட்டும் ஃபார்முலாவுக்குள் கொடுத்து, முதலீட்டை வெளியே கழிப்பதே சரியான முறை. விடை எவ்வளவு மாறினாலும் அதன் கூட்டல் கழித்தல் குறி மாறாது; அதனால் திட்டத்தை ஏற்கலாமா வேண்டாமா என்ற முடிவும் மாறாமல், பிழை கடைசிவரை கண்ணில் படாமலே போய்விடுகிறது. தேதிகளைக் கொண்டு கணக்கிடும் எக்ஸ்என்பிவி ஃபார்முலாவோ முதல் தேதியின் தொகையைத் தள்ளுபடி செய்வதில்லை. ஒரே மென்பொருளில் இரண்டும் இரு வேறு மரபில் இயங்குவதை ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

என்பிவியைச் சுழியாக்கும் விகிதத்தைக் கண்டறியும் ஐஆர்ஆர் ஃபார்முலாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சுரங்கம் போன்ற திட்டங்களில் இறுதியில் நிலத்தைச் சீரமைக்கப் பெருந்தொகை செலவாகும். 1,000 முதலீடு, ஓராண்டு கழித்து 2,300 வரவு, அதற்கடுத்த ஆண்டு 1,320 செலவு என்ற வரிசைக்கு 10 சதவீதமும் 20 சதவீதமும் ஆக இரண்டு விடைகள் உண்டு. தொடக்க ஊகத்தைக் கொடுக்காவிட்டால் எக்ஸெல் 10 என்கிறது. 25 சதவீதத்தை ஊகமாகக் கொடுத்தால் 20 என்கிறது. இன்னொரு விடை இருப்பதாக எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. எனவே வெவ்வேறு விகிதங்களுக்கு என்பிவி கண்டு வரைபடமாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் மாணவருக்கு அவசியம்.

தேய்மானத்துக்கு, வாங்கிய விலை, இறுதி மதிப்பு, ஆயுட்காலம் ஆகியவற்றிலிருந்து விகிதத்தைத் தானே கணக்கிடும் எக்ஸெலின் டிபி ஃபார்முலாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்திய வருமான வரியில் பொதுவான இயந்திரங்களுக்கு எஞ்சிய மதிப்பின் மீது 15 சதவீதம், 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்திய முதல் ஆண்டில் அதில் பாதி என்பதே விதி. அதைச் சாதாரணப் பெருக்கலாக எழுதிக்கொள்வதே தெளிவு.

எக்ஸெல் உண்மையிலேயே ஒளிரும் இடம், அனுமானத்தை மாற்றினால் விடை என்னவாகும் என்று பார்க்கும் 'வாட் இஃப்' பகுதி. விற்பனை விலை எவ்வளவு குறைந்தால் என்பிவி சுழியாகும் என்பதை கோல் சீக் நொடியில் சொல்கிறது. விலையையும் விற்பனை அளவையும் ஒருசேர மாற்றிப் பார்க்கும் முழு அட்டவணையை டேட்டா டேபிள் தருகிறது. இதில் ஒரு குறையும் உண்டு. அனுமானங்களைத் தனி ஷீட்டில் வைப்பதே நல்ல பழக்கம் என்று எல்லோரும் கற்பிக்கிறோம். டேட்டா டேபிளோ, மாற வேண்டிய செல் தன் ஷீட்டிலேயே இருந்தால்தான் வேலை செய்யும்.

இதே வசதியைக் காலதாமதத்துக்குப் பயன்படுத்தும்போதுதான், பாடத்தின் தலைப்பில் ஆய்வும் மேலாண்மையும் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்பது மாணவருக்குப் புரிகிறது. மேற்சொன்ன திட்டத்தில் தாமத ஆண்டுகளுக்கென ஒரு செல்லை ஒதுக்கி, வரவு வரிசை அதற்கேற்ப நகருமாறு இணைத்துக்கொள்ள வேண்டும். செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, தொடக்கம் மட்டும் ஓராண்டு தள்ளிப்போகிறது என்று வைத்தாலே 1,08,736 என்பது 7,942 ஆகச் சுருங்குகிறது. இரண்டாண்டு தாமதமானால் 83,689 ரூபாய் இழப்பு. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. வரவு இல்லாத ஆண்டின் செல்லை வெறுமையாக விட்டால், என்பிவி அதைக் கணக்கில் எடுக்காமல் அடுத்த ஆண்டுகளை முன்னே இழுத்துக்கொண்டு பழைய 1,08,736 ரூபாயையே காட்டும். அங்கே சுழியை இட்டே ஆக வேண்டும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதில்தான் எக்ஸெல் தடுமாறுகிறது. பத்துப் பதினைந்து பணிகள் வரை மேக்ஸ், மின் ஃபார்முலாக்களைக் கொண்டு கிரிட்டிக்கல் பாத்தை, அதாவது தாமதமானால் திட்டம் முழுவதையும் தாமதப்படுத்தும் பணித் தொடரை, கணக்கிட்டுவிடலாம். கையால் ஒருமுறை அப்படிச் செய்வது பாடத்தை நன்றாகப் பதியவைக்கும். ஆனால் நடுவில் ஒரு புதிய பணியைச் சேர்த்தால் தொடர்புகளையெல்லாம் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. பணிகளைக் காலவரிசையில் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் சார்ட்டுக்கென வரைபட வகை இல்லாததால், அடுக்குப் பட்டை வரைபடத்தின் முதல் பட்டையை நிறமற்றதாக்கித்தான் அதை உருவாக்க முடிகிறது. நாள் கணக்குக்கு வொர்க்டே ஃபார்முலா உதவும் என்றாலும், அது சனிக்கிழமையையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமையும் வேலை நடக்கும் நம் கட்டுமானத் தளங்களுக்கு, ஞாயிறை மட்டும் விடுமுறையாகக் குறிக்கும் வசதியுள்ள வொர்க்டே இன்டெல் ஃபார்முலாவே பொருந்தும். பொங்கல், தீபாவளித் தேதிகளைத் தனிப் பட்டியலாக அதற்குக் கொடுக்கலாம்.

ஆகவே பணிகளின் கால அட்டவணையை புராஜெக்ட்லிப்ரே என்ற இலவச மென்பொருளில் போட்டு, அங்கே கிடைக்கும் முடிவுத் தேதியிலிருந்து தாமத ஆண்டுகளைக் கணக்கிட்டு எக்ஸெலின் தாமத செல்லில் இடுமாறு மாணவர்களிடம் சொல்வேன். எக்ஸெலுக்குப் பணம் கட்ட இயலாதவர்கள் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கைத் தயங்காமல் பயன்படுத்தலாம். என்பிவி, ஐஆர்ஆர், எக்ஸ்ஐஆர்ஆர் (தேதிகளைக் கொண்டு கணக்கிடும் ஐஆர்ஆர்), கோல் சீக் ஆகிய அனைத்தும் அதில் இருக்கின்றன. டேட்டா டேபிளின் வேலையை மட்டும் 'மல்டிபிள் ஆபரேஷன்ஸ்' என்ற பெயரில் தேட வேண்டும்.